ஆறு ஊதா நாக்குகள்

ஏழுமலை நாக்கை நீட்டிக் காட்டினார். ஊதா.

பக்கத்தில் நின்ற ஐந்து பேரும் நீட்டினார்கள். அவையும் ஊதா. ஒருவருடையது மட்டும் கொஞ்சம் கறுப்படித்திருந்தது. மனிதர் காலையிலேயே வெற்றிலை போட்டுவிட்டு வந்திருந்தார்.

“பரீட்சை எழுத வந்தீங்களா, கூத்துல அரக்கன் வேஷம் கட்ட வந்தீங்களா?” என்று கேட்டேன்.

“நீங்கதான வாத்தியாரே சொன்னீங்க, பென்சில் நனைஞ்சாத்தான் குறி நல்லா விழும்னு? காலைலேர்ந்து நக்கிக்கினே இருக்கோம்” என்றார் ஏழுமலை. “கூழு குடிச்சேன், அதுவே கசக்குது.”

எல்லாரும் சிரித்தோம். நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்போது சாலைகள் வந்துவிட்டன, மரங்கள் வரவில்லை. நட்ட கன்றுகள் முழங்கால் உயரத்தில் மூங்கில் கூண்டுக்குள் நின்றன. சுரங்கக் கம்பெனியின் பயிற்சிப் பள்ளி வாசலில் நிழல் என்று இருந்தது ஒரு தண்ணீர் லாரியின் நிழல்தான். அதில் ஏழு பேரும் ஒட்டிக்கொண்டு நின்றோம். லாரிக்காரர் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் நாங்களும் கூடவே நகர்ந்தோம்.

ஏழுமலை அன்று வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். இரவல். கழுத்துப் பட்டனை அவர் மனைவி அஞ்சலை சிவப்பு நூலால் தைத்து அனுப்பியிருந்தார். அந்தச் சிவப்பு நூல் எனக்கு இன்றைக்கும் அப்படியே தெரிகிறது. அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

அவருக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து வயது முடிகிறது. அதற்கு மேல் பயிற்சிப் பள்ளியில் எடுக்க மாட்டார்கள். மண் சுமந்துகொண்டே படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்றாவது தடவையில் தாண்டியவருக்கு இந்தப் பரீட்சைதான் முதலும் கடைசியும். தேறினால் பயிற்சி, பயிற்சி முடிந்தால் பெர்மனென்ட், அப்புறம் ஏதாவது ஒரு பிளாக்கில் குழாய்த் தண்ணீர் வரும் குவார்ட்டர்ஸ். தவறினால் காலையில் வரிசையில் நின்று, மேஸ்திரி பேர் கூப்பிடுகிறானா என்று காது கொடுக்கும் கான்ட்ராக்ட் வேலை, ஆயுசுக்கும்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். “இவ்வளவு வாயாடியான நீங்கள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டு இருந்ததுண்டா?” என்று கேட்கிறார்.

உண்டு. ஒரே ஒரு தடவை. அதுவும் அந்த நாளில்தான்.

தோற்றவன் திறந்த பள்ளிக்கூடம்

அந்த ஆறு பேருக்கும் வாத்தியார் நான். எனக்கு இருபது வயது. என் தகுதி என்னவென்றால், அதே பரீட்சையில் முந்தின வருஷம் தோற்றிருந்தேன். டவுன்ஷிப்பை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் அன்றைக்கு இதைவிடப் பெரிய தகுதி யாரிடமும் இல்லை. மற்றவர்கள் அந்தப் பரீட்சைத் தாளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஸ்டோர்ஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். எங்களுக்கு இரண்டு அறை குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. அந்த இரண்டு அறைக்குள் நான் எங்கே உட்கார்ந்தாலும் அப்பாவின் கண்ணில் படுவேன். அதனால்தான் பெரும்பாலும் வெளியே இருந்தேன்.

பரீட்சையில் ஆங்கிலத் தாள் ஒன்று, கணக்குத் தாள் ஒன்று. ஆங்கிலத்தில் பாதி மதிப்பெண் ஒரே கேள்விக்கு. இருபது வாக்கியம் கொடுத்திருப்பார்கள், ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஒரு பிழை இருக்கும். வாக்கியத்துக்குக் கீழே விட்டிருக்கும் இடத்தில் அதைத் திருத்தி எழுத வேண்டும். ஆங்கிலம் பேசத் தெரிந்தவனுக்கே முழி பிதுங்கும் கேள்வி. மண் வெட்டப் போகிறவனுக்கும் மோட்டார் ஓட்டப் போகிறவனுக்கும் அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கும் ஆங்கிலம் வேண்டுமே.

முதல் தடவை நான் போனபோது, தாளின் மேலே சின்ன எழுத்தில் ஏழெட்டு வரி அச்சிட்டிருந்தது. பரீட்சை எழுதுகிறவர்களுக்கான விதிகள். எனக்கு அது புரியவில்லை. அதுவும் திருத்த வேண்டிய பகுதி என்று நினைத்து, ஒவ்வொரு வரியாகத் திருத்த ஆரம்பித்தேன். ஆறு வரி திருத்தி முடித்தபோது பாதி நேரம் போயிருந்தது. கேள்விக்கு வந்தபோது மூன்றாவது வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கேயே மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

“ஏல, பரீட்சை வச்சவனையே திருத்திட்டு வந்திருக்கியே! நீ எங்கல வெளங்கப் போற?”

விளங்கினேன். எப்படி விளங்கினேன் என்பதுதான் கதை.

அந்தத் தோல்வியிலிருந்து ஒரு விதியைக் கண்டுபிடித்தேன்: தாளின் மேல்பகுதியைப் பார்க்கவே கூடாது. நேரே வாக்கியத்துக்கு இறங்கிவிட வேண்டும். இதைத்தான் என் மாணவர்களுக்கு முதல் பாடமாகச் சொன்னேன். ஒருவன் தான் விழுந்த குழியை மற்றவர்களுக்குக் காட்டும்போது எவ்வளவு ஞானியாகத் தெரிகிறான்!

தார் டின்னில் இலக்கணம்

பள்ளிக்கூடம் நடந்தது மந்தாரக்குப்பத்தில், ரத்தினத்தின் வாடகைச் சைக்கிள் கடையில். முதல் ஷிப்ட் விட்டு, குளித்துச் சாப்பிட்டு, மூன்று நாலு மணிக்கு வருவார்கள். கடைக்குப் பின்னால் ஒரு கீற்றுச் சாய்ப்பு. தொங்கும் டயர்களுக்கு அடியில் சாக்கு விரித்து உட்கார்ந்தால், ரப்பர் நாற்றமும் சொல்யூஷன் நாற்றமும் சேர்ந்து லேசாகத் தலை கிறுகிறுக்கும். என் பாடத்தைக் கேட்டுக் கிறுகிறுத்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ரத்தினத்திடம் பாதியாக வெட்டிய தார் டின் ஒன்று இருந்தது. பஞ்சர் பார்க்கும் தொட்டி. ட்யூபில் காற்றடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டே போவார். குமிழ் வந்த இடம் ஓட்டை. அங்கே, காதில் செருகியிருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாக எழுதும் காப்பியிங் பென்சிலை எடுத்து, நாக்கில் ஒரு தடவை தொட்டு, ஒரு கூட்டல் குறி போடுவார். அந்தக் காலத்து ட்யூப் செங்கல் நிறத்தில் இருக்கும்; ஊதாக் குறி அதில் எடுப்பாகத் தெரியும். குறிக்குக் கை நீளமாக இருக்க வேண்டும். மேலே ஒட்டு வைத்த பிறகும் நாலு கையும் வெளியே தெரிந்தால்தான் ஓட்டை நடுவில் விழுந்ததா என்று பார்க்க முடியும்.

குறி போட்டதும் ஒட்ட மாட்டார். மீதி ட்யூபையும் முழுக்கச் சுற்றிப் பார்ப்பார்.

“ஒரு முள்ளு ரெண்டு எடத்துல குத்தியிருக்கும். மொதல்ல கண்டதையே ஒட்டிக்கினு ஒக்காந்தா, வண்டி அந்த முக்குத் திரும்புறதுக்குள்ள திரும்பி வந்துடும்” என்பார்.

ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறி தட்டியது. வாக்கியமும் ட்யூப்தானே? முழுசாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். நாலு நாலு வார்த்தையாக அமுக்கிப் பார்க்க வேண்டும். எங்கே வாய் தடுக்குகிறதோ அங்கே ஓட்டை. கண்டதும் திருத்தக் கூடாது. ஓரத்தில் ஒரு கூட்டல் குறி போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட வேண்டும். இருபதையும் ஒரு சுற்று பார்த்துவிட்டால், எது தெரிந்தது, எது தெரியவில்லை என்பது தெரிந்துபோகும். இரண்டாவது சுற்றில் குறி போட்டதை எல்லாம் ஒட்டு. கடைசியில் மிச்சம் இருப்பதில் ஏதாவது எழுது. காலியாக மட்டும் எதையும் விடாதே. காலி இடத்துக்கு உறுதியாகச் சைபர். எதையாவது எழுதினால், அது தவறி விழுந்து சரியாகக்கூட இருந்துவிடலாம்.

ரத்தினம் பென்சில்களை உடைத்து ஆறு துண்டு கொடுத்தார். மறுநாளிலிருந்து அந்தக் கடையில் எல்லா நாக்கும் ஊதா. வாடகைக்குச் சைக்கிள் எடுக்க வந்தவர்கள், ஏதோ புது வியாதி பரவியிருக்கிறது என்று ஒதுங்கி நின்றார்கள்.

நான் மட்டும் பென்சிலைத் தொடவில்லை. என்னிடம் அப்பாவின் பவுண்டன் பேனா இருந்தது. எனக்கு எதற்கு இரண்டு சுற்று? நான்தான் வாத்தியார் ஆயிற்றே.

நடுவில் நிற்கும் மேஸ்திரி

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சொல்லித் தந்தேன். அவர்கள் வேலையிலிருந்தே எடுத்துச் சொன்னேன்.

“‘ஒன் ஆஃப் த மெஷின்ஸ் இன் த மைன்ஸ் ஆர் அண்டர் ரிப்பேர்.’ ரிப்பேர் ஆனது எத்தனை மெஷின், அண்ணாச்சி?”

“ஒண்ணுதாங்க.”

“அப்புறம் எதுக்கு ‘ஆர்’? நடுவுல ‘மெஷின்ஸ்’, ‘மைன்ஸ்’னு ரெண்டு பேரு கூட்டமா நின்னு உங்கள ஏமாத்துறாங்க. அவங்கதான் மேஸ்திரி. விரல வச்சு மேஸ்திரிய மறைங்க. முதல்ல நிக்கிறவனும் வேலையும் நேருக்கு நேரா பாத்துக்கட்டும். ‘ஒன்’னுக்கு ‘இஸ்’.”

ஏழுமலை தடித்த ஆள்காட்டி விரலால் நடுவில் இருந்த வார்த்தைகளை மறைத்தார். விரலை எடுக்காமலே கேட்டார்.

“காயிதத்துல வெரல வச்சா மேஸ்திரி மறஞ்சிடறாங்க. மைன்ஸ்ல மறைக்குற மாதிரி ஒரு வெரலு யாருகிட்டங்க இருக்குது?”

இன்னொரு நாள் ‘ரிட்டர்ன் பேக்’ பாடம். ‘ரிட்டர்ன்’ என்றாலே திரும்புவதுதான். அப்புறம் ‘பேக்’ எதற்கு? ஒரு வேலைக்கு இரண்டு ஆள். ஒருத்தனை நிறுத்திவிடுங்கள் என்றேன்.

“எவன நிறுத்துறதுங்க?”

“பின்னால நிக்கிறவன. ‘பேக்’க.”

“பாவம், அவனுக்கும் வூட்டுல புள்ள குட்டி இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே அதை அடித்தார்.

ஏழுமலையின் குடும்பம் பக்கத்துக் கிராமமான வடக்குத்து. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி. சுரங்கத்துக்காக நிலம் போனவர்களிடம், என் நிலம் போயிற்று என்று காட்டுவதற்கு ஒரு பத்திரமாவது இருந்தது. இவரிடம் காட்ட இரண்டு கைகள்தான். அவற்றை அவர் எங்கே காட்டினாலும் மண்வெட்டியைக் கொடுத்தார்கள்.

ஒருநாள் அஞ்சலை கடைக்கு வந்தார். மடியில் முந்திரிப் பழம். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, கடை வாசலில் இருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார்.

“எங்க வூட்டுக்காரரு சோறு துன்ற நேரத்துல நாலு வார்த்த நாலு வார்த்தயா மென்னு பாக்குறாருங்க. என்னாங்க சொல்லிக் குடுக்குறீங்க?” என்று சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்திக் கேட்டார். “பொறக்குற புள்ள குவார்ட்டர்ஸ்ல வளருமாங்க?”

“குவார்ட்டர்ஸ் என்ன மதினி, ஆபீசர் பங்களாவுலயே வளரும்! நான் சொல்றேன்ல?” என்றேன்.

முந்திரிப் பழம் தொண்டையைக் கரகரக்க வைக்கும். அன்று நான் மட்டும் ஐந்தாறு தின்றேன்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, முந்தின வருஷத்துத் தாள் ஒன்றை அப்பாவின் ஆபீஸ் நண்பர் மூலம் வாங்கி வந்தேன். எல்லாரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஏழுமலை மட்டும் மேல்பகுதியில் விரலை வைத்தார். ஏழாவது வரி.

“மேல சின்னதா என்னமோ போட்டுருக்குதே. அத்த படிக்க வேணாமாங்க?”

எனக்குப் போன வருஷத்து அவமானம் ஞாபகம் வந்தது. அதை மறைக்க என்னிடம் எப்போதும் ஒரே மருந்துதான்.

“அது பரீட்சை வைக்கிறவங்க தங்களுக்குள்ள பேசிக்கிறது, அண்ணாச்சி. பெரிய மனுஷங்க பேசும்போது நாம ஒட்டுக் கேக்கலாமா?”

கடையே சிரித்தது. ரத்தினம் பம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஏழுமலையும் சிரித்தபடி விரலை எடுத்தார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ ஜோக்குகள் அடித்திருக்கிறேன். பெரும்பாலும் யாரும் சிரிப்பதில்லை. இதற்கு எல்லாரும் சிரித்தார்கள்.

கரிக்கட்டிக்கு அடியில் ஆறு தாள்

இனி லாரி நிழலுக்குத் திரும்புகிறேன். மணி அடித்தது. உள்ளே போனோம்.

நான் மடமடவென்று எழுதி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அங்கங்கே ஆறு பேரும் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டுக் குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை என் பக்கம் திரும்பி, கண்ணை மட்டும் சிமிட்டினார். ஓட்டைகள் கிடைத்துவிட்டன என்று அர்த்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பள்ளிக்கூடத்தின் முத்திரை ஆறு தாளில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

மத்தியானம் கணக்குப் பரீட்சை. இடையில் சாப்பாட்டு நேரம். அஞ்சலை எல்லாருக்குமாகப் புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தார். நான் இரண்டாவது உருண்டையை வாயில் வைக்கும்போது பியூன் வந்து ஆறு நம்பரைக் கூப்பிட்டான். ஆறும் நம் ஆட்கள். என் நம்பரைக் கூப்பிடவில்லை. ஆனாலும் வேடிக்கை பார்க்கும் புத்தி விடுமா? கையைக் கழுவாமல் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

பரீட்சை அதிகாரி கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். மேஜைமேல் ஆறு தாள்கள். பறக்காமல் இருக்க ஒரு பழுப்புக் கரிக்கட்டியை வைத்திருந்தார். ஆறு தாளின் ஓரத்திலும் ஊதாக் கூட்டல் குறிகள், நாலு கையும் நீளமாக.

“என்னய்யா இது? ஆறு பேப்பர்ல ஒரே மாதிரி அடையாளம்? யாருக்குக் காட்டுறீங்க? திருத்துறவர் உங்க ஆளா?”

ஏழுமலைதான் மெல்ல வாயைத் திறந்தார்.

“ஓட்டைக்குப் போடுற குறிங்க.”

“எந்த ஓட்டை?”

“வாக்கியத்துல இருக்குற ஓட்டைங்க. மொதல்ல கண்டு வச்சிக்கினு, பொறவு ஒட்டுறதுங்க.”

பக்கத்தில் நின்ற குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம், “சார், இவங்க நாக்கைப் பாருங்க” என்றார்.

“நீட்டுங்க” என்றார் அதிகாரி.

வரிசையாக நீட்டினார்கள். காலையில் லாரி நிழலில் பார்த்த அதே நாக்குகள்தான். ஆறு வளர்ந்த ஆண்கள். அதில் மூன்று பேருக்குக் குழந்தைகள் உண்டு. கைகட்டி, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஏழுமலையின் கழுத்தில் அந்தச் சிவப்பு நூல் ஏறி இறங்கியது.

“பதில் தவிர எந்த அடையாளமும் போடக் கூடாதுன்னு மேலே ஏழாவது வரியில் அச்சுப் போட்டிருக்கு. அதை யாருமே படிக்கலையா?”

அதிகாரி மேல் தாளில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

“பாருங்க, நீங்க திருட்டுத்தனம் பண்ற ஆளுங்களாத் தெரியல. யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. அது யாருன்னு சொல்லுங்க. அந்த ஆள் வந்து, இது நான் சொல்லிக் கொடுத்த முறை, வேற உள்நோக்கம் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நான் மேலே அனுப்பிப் பார்க்கிறேன். இல்லேன்னா விதி விதிதான்.”

ஏழுமலை என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. கேட்கிற பார்வை இல்லை அது. பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்ப்போமே, அந்த மாதிரி.

என் விரல்களில் புளிச்சோறு காய்ந்து இறுக ஆரம்பித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் என் தாளும் அந்தக் கரிக்கட்டிக்கு அடியில் போகும் என்று எனக்குத் தோன்றியது. போகாமலும் இருந்திருக்கலாம். போட்டுப் பார்த்தால்தானே தெரியும்?

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீ யாருப்பா? நம்பர் என்ன?”

சொன்னேன். குமாஸ்தா கட்டைப் பிரித்து என் தாளை எடுத்தார். சுத்தமான ஓரம். அப்பாவின் பேனாவில் எழுதிய அழகான எழுத்து.

“நாக்கை நீட்டு.”

நீட்டினேன். இளஞ்சிவப்பு. பார்ப்பதற்கு ஆரோக்கியமான நாக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

“உனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே? இங்கே என்ன வேடிக்கை? போ, போய்க் கணக்குப் பரீட்சைக்குத் தயார் பண்ணு.”

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கையைக் கழுவினேன். கணக்குத் தாளில் ஒரு தப்பும் செய்யவில்லை.

சைக்கிள் கேரியரில்

பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது தண்ணீர் லாரி போய்விட்டிருந்தது. ஐந்து பேரும் போய்விட்டிருந்தார்கள். ஏழுமலை மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார், ரத்தினம் கடை வாடகைச் சைக்கிளைப் பிடித்தபடி. காலையில் நான் அவருடைய கேரியரில்தான் உட்கார்ந்து வந்திருந்தேன். என்னைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதற்காக நின்றிருந்தார்.

ஏறி உட்கார்ந்தேன். மிதித்தார். செம்மண் புழுதி. முன்னால் இரவல் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. பாதி தூரம் போன பிறகு கேட்டார்.

“கணக்கு ஈசியா இருந்துச்சிங்களா?”

“ம்.”

அவ்வளவுதான். மந்தாரக்குப்பம் வந்ததும் கடை வாசலில் காலை ஊன்றி நிறுத்தினார். இறங்கினேன். அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“எப்பவும் பேசிக்கினே வருவீங்க.”

வண்டியை ரத்தினத்திடம் விட்டுவிட்டு வடக்குத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நாளில் பட்டியல் வந்தது. அதில் என் நம்பர் இருந்தது. அப்பா அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கெல்லாம் கேசரி கொடுத்தனுப்பினார். “எம் பையன் போன வருஷம் பரீட்சை வச்சவனையே திருத்தினவன்லா!” என்று அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். சைக்கிள் கடைப் பக்கம் நான் போவதை நிறுத்திவிட்டேன். அப்புறம் வாங்கிய சொந்தச் சைக்கிள் பஞ்சர் ஆனால், அதை இரண்டு மைல் தள்ளிக்கொண்டு வேறு கடைக்குப் போனேன்.

கண்டவர் எண்

பயிற்சி முடிந்து என்னைப் போட்டது பெல்ட் பிரிவில். சுரங்கத்துக்குள்ளிருந்து மண்ணையும் கரியையும் மேலே கொண்டுவரும் நீளமான ரப்பர் பெல்ட். அது நிற்கும் நேரத்தில் மேலே ஏறி நடந்து, எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ட இடத்தில் ரப்பர் வைத்துச் சூடுபோட்டு ஒட்டுவார்கள். யானைக்குப் பஞ்சர் ஒட்டுவது மாதிரி.

முதல் வாரமே ஒரு காலை. குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தவன் நின்றுவிட்டேன். கருப்பு ரப்பரின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு கூட்டல் குறி. கைகள் நீளம். நடுவில், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஒரு கீறல்.

பெல்ட்டுக்குக் கீழே சிந்திய மண்ணை அள்ளும் கான்ட்ராக்ட் ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதில் ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். ஏழுமலை.

“அண்ணாச்சி, இது நீங்க போட்டதா?”

“பெல்ட்டு ஓடுறப்ப கீழேர்ந்து பாத்தேங்க. நின்னதும் ஏறிப் போட்டேன். அந்தாண்ட இன்னொண்ணு இருக்குது, பாத்துக்குங்க. ஒரு கல்லு ரெண்டு எடத்துல கிழிச்சிருக்குது.”

மரியாதை குறையவில்லை. ‘வாத்தியாரே’ மட்டும் இல்லை.

“மதினி எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்குதுங்க. பொண்ணு பொறந்துச்சி. நடக்குது இப்ப.” மண்வெட்டியைத் தூக்கினார். “வடக்குத்துலயேதாங்க.”

ஷிப்ட் முடிவில் பதிவேட்டில் எழுத வேண்டும். எந்த இடம், எவ்வளவு நீளம், கடைசிக் கட்டத்தில் கண்டவர் எண். பெர்மனென்ட் ஆட்களுக்கு நம்பர் உண்டு. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மேஸ்திரியின் நோட்டில் பெயர்தான். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே அப்பாவின் பேனா.

கட்டம் சின்னதுதான். ஆனாலும் ‘ஏழுமலை’ என்று நாலெழுத்து எழுத இடம் போதும். எழுதியிருந்தால் ஃபோர்மேன் யார் இது என்று கேட்டிருப்பார். நான் சொல்ல வேண்டி வந்திருக்கும்: இந்தக் குறி எங்கே பழகியது, யார் சொல்லிக் கொடுத்தது, அப்புறம் என்ன ஆயிற்று. ஒன்றிலிருந்து இன்னொன்று வந்துகொண்டே இருந்திருக்கும்.

ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். “என்னப்பா யோசனை? கட்டத்தைக் காலியா விடாதே.”

என் நம்பரை எழுதினேன்.

அதற்கப்புறம் எத்தனையோ காலைகளில் எத்தனையோ வெள்ளைக் குறிகள். நான் நடப்பேன், பார்ப்பேன், எழுதுவேன். கூர்மையான கண் உள்ளவன் என்று எனக்குப் பெயர் வந்தது. ஒரு தடவை எல்லாரையும் கூட்டிவைத்து, இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று என்னைக் காட்டினார்கள். நான் வழக்கம்போல ஏதோ ஜோக் அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். கீழே மண் அள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கேட்டிருக்காது. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

காலியாக எதையும் விடாதே என்பது சைக்கிள் கடையில் நான் சொல்லித் தந்த பாடம். ஆறு பேரில் ஒருவருக்கும் அது பயன்படவில்லை. எனக்கு ரிட்டயர் ஆகும் வரை பயன்பட்டது.